இரண்டு முறை ஒரே தும்மல்

அத்தியாயம் 6

வால்தேமார் எச்செனிகே தன் துப்பறியும் வாழ்க்கையில் இதுவரை கண்டுபிடித்தவை ஒரு கிளி, ஒரு கணவன், அப்புறம் தன் சொந்த அலுவலகச் சாவி. கிளி தானாகவே திரும்பி வந்துவிட்டது. கணவன் காணாமலே போகவில்லை, இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தான். சாவியைக் கண்டுபிடித்தது ஸுல்மா. இதையெல்லாம் விசிட்டிங் கார்டில் போட முடியாது என்பதால் 'கணினிக் குற்ற நிபுணர்' என்று போட்டிருந்தான். அது முழுப் பொய்யுமில்லை. பல வருஷம் சி மொழியில் புரோகிராம் எழுதிப் பிழைத்தவன். கடைசிக் கம்பெனி இவனைக் கைகழுவியதும் வேறு வழி தெரியாமல் டயர் கடை மாடியில் போர்டு மாட்டிக்கொண்டான்.

இந்த வியாழக்கிழமை காலையில் நிபுணர் நின்றுகொண்டிருந்த இடம் மொந்தேவிதேயோ நகரில் தெருமேடை நிகழ்ச்சி நடத்தும் ஒரு சங்கத்தின் மாடி வராந்தா. கார்னிவல் உச்சத்தில் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியில் சனிக்கிழமை நிகழ்ச்சி வரிசை ஓடியது. முர்கா என்கிற எட்டுக் கேலிப்பாட்டுக் கோஷ்டிகளின் தலைவர்களும் அதற்குக் கீழே கும்பலாக நின்று, பரீட்சை முடிவைப் பார்க்கும் பையன்கள் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னத்தத் துப்பறியப் போறீங்க?" என்றார் சங்கத்தின் இயக்குநர் தோன் எவாரிஸ்தோ லகுவெஸ்தா. அக்குளில் வெந்நீர் பிளாஸ்க், கையில் மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குவளை. இரண்டும் அவர் உடம்போடு பிறந்தவை என்றுதான் தோன்றும். "இலியானா பெர்தோமோ அந்தக் கட்டளைய ரெண்டு தடவை ஓட்டியிருக்கா. அவ புருஷனோட கோஷ்டி கடைசி இடத்துக்கு வந்திருக்கு. இதுக்கு மேல என்ன வேணும், கையெழுத்தா?"

"கையெழுத்து இருந்தாலும் எங்க முதலாளி கண்ணாடி இல்லாம படிக்க மாட்டாரு," என்றாள் ஸுல்மா.

ஸுல்மா நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவள். ஐம்பதைத் தாண்டியபின் வேலை போரடிக்கிறது என்று விட்டுவிட்டு வால்தேமாரிடம் உதவியாளராகச் சேர்ந்தாள். படிக்கட்டில் தொங்கியவர்களைத் திட்டித் திட்டிப் பழகிய வாய், இப்போது திட்ட ஒரே ஒரு ஆள்தான் இருந்ததால் முழுச் சேவையும் அவனுக்கே கிடைத்தது.

விவகாரம் இதுதான். சனிக்கிழமை எட்டுக் கோஷ்டிகள் பாடும். முதலில் பாடுகிறவர்களுக்கு வெயிலும் காலி நாற்காலியும் கொசுவும்தான் ரசிகர்கள். கடைசியில் பாடுகிறவர்களுக்கு ஊரே கூடியிருக்கும். அதனால் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சங்கத்தின் கணினி வேலையைப் பார்க்கும் இலியானா தரவுத்தளத்தில் ஒரு கட்டளை ஓட்டுவாள். எல்லாக் கோஷ்டிகளும் ஒரு படி இறங்கும், கடைசியில் இருப்பது முதலுக்குப் போகும். ஆறாவது இடத்திலிருந்த அவள் கணவன் தெல்மார் பாடுகிற கோஷ்டி 'லா மோஸ்கா துவேர்தா' இந்த வாரம் ஏழுக்கு வந்திருக்க வேண்டும். வந்ததோ எட்டுக்கு. கட்டளை இரண்டு முறை ஓடியதாகவும், இரண்டும் இலியானாவின் கணக்கிலிருந்தே போனதாகவும் சர்வர் சொன்னது. தான் செய்யவில்லை என்று நிரூபிக்க இலியானாவே காசு கொடுத்து வால்தேமாரை வரவழைத்திருந்தாள்.

"மெஷின் ரூமைப் பூட்டிட்டேன்," என்றார் தோன் எவாரிஸ்தோ பெருமையாக. "அவ உட்கார்ந்து வேலை பாத்த நெலமையிலேயே அப்படியே கெடக்கு. அணைக்கக்கூட இல்ல. தடயம் பாருங்க! மத்தியானம் பன்னெண்டுக்கு இதே எட்டுத் தலைவருங்களையும் வெச்சுக் கமிட்டி. அவளை வேலையவிட்டு அனுப்பறோம். அதுக்குள்ள ஏதாச்சும் கெடைச்சா சொல்லுங்க. கெடைக்கலைன்னா கீழ எம்பனாதா சூடா கெடைக்கும், தின்னுட்டுக் கெளம்புங்க."

சாவியைக் கொடுத்துவிட்டு ஒரு உறிஞ்சு உறிஞ்சினார்.

*

இலியானாவை மெஷின் அறைக்குள் விடவில்லை. சமையலறையில், கெட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். அழுது வீங்கிய முகத்தை எதிர்பார்த்துப் போன வால்தேமாருக்கு, எதிரில் இருந்தது கொதித்துக்கொண்டிருந்த முகம். கைக்குட்டையை நீட்டலாம் என்று எடுத்தவன் அதைத் தன் நெற்றியிலேயே ஒற்றிக்கொண்டான்.

"வேலை போனாப் போகட்டும் சார்," என்றாள். "வேற எடத்துல பொழச்சுக்குவேன். ஆனா திருடின்னு சொல்லி அனுப்பறாங்க. முந்தாநாள் வரைக்கும் அந்த எட்டுப் பேரும் என்னை அக்கான்னுதான் கூப்பிட்டானுங்க. இன்னிக்கு ஒருத்தன் நிமிர்ந்து பாக்கல. தெல்மாரோட கோஷ்டிக்காரனுங்களே அவரை ஒரு மாதிரியா பாக்கறானுங்க. எனக்கு அந்தப் பேரு போகணும். அவ்வளவுதான்."

"போக்கிடலாம்," என்றான் வால்தேமார். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தான்.

இலியானா தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். சர்வரில் பதிவான இரண்டு கட்டளைகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன.

"நான் அடிச்சது ஒரு தடவைதான். ரெண்டையும் நல்லா பாருங்க. அந்த கீபோர்டுல ஸ்பேஸ் பாருக்கு அடியில பிஸ்கட் துணுக்கு மாட்டிக்கிட்டிருக்கு. அழுத்தினா சில சமயம் ஒரு இடைவெளி விழும், சில சமயம் ரெண்டு விழும். அது மூடு எப்படியோ அப்படி."

வால்தேமார் மூக்கு திரையில் படுமளவு குனிந்தான். முதல் கட்டளையில் மூன்று இடத்தில் இடைவெளி இரட்டையாக விழுந்திருந்தது. இரண்டாவதிலும் மூன்று இடம். அதே மூன்று இடம்.

"ஒரே ஆள் ரெண்டு தடவை தும்மலாம்," என்றாள் ஸுல்மா அவன் தோளுக்கு மேலிருந்து. "ஆனா ரெண்டு தும்மலும் அச்சடிச்சாப்ல ஒண்ணாவா இருக்கும்?"

"மேல் அம்புக்குறியை அழுத்தினா பழைய கட்டளை திரும்ப வருமே?" என்றான் வால்தேமார்.

"எங்க புரோகிராம்ல அந்த வசதி எல்லாம் கெடையாது. அரதப் பழசு. அடிச்சாத்தான் உண்டு."

வால்தேமாருக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு அவனுக்குக் கிடைத்த முதல் உண்மையான தடயம் இதுதான். நியாயமாகப் பார்த்தால் அதையும் இலியானாதான் எடுத்துக் கொடுத்தாள், ஸுல்மாதான் விளக்கினாள். ஆனாலும் எழுந்து நின்று ஜன்னலைப் பார்த்துப் பேசினான். துப்பறிபவர்கள் ஜன்னலைப் பார்த்துப் பேச வேண்டும் என்று எங்கோ மனதில் பதிந்திருந்தது.

"ரெண்டாவது கட்டளையை யாரும் டைப் அடிக்கல. நகல் எடுத்திருக்காங்க. இது சாதாரண ஆள் இல்ல ஸுல்மா. நிதானமான ஆள். கம்ப்யூட்டரைக் கரைச்சுக் குடிச்சவன். அநேகமா இடதுகைக்காரன்."

"இடதுகை எங்கேர்ந்து வந்துச்சு?"

"உள்ளுணர்வு."

"கிளி கேஸ்லயும் இடதுகைன்னுதான் சொன்னீங்க முதலாளி. கிளிக்குக் கையே இல்ல."

அவன் அதைக் காதில் வாங்காமல் இலியானாவைப் பார்த்தான். "கட்டளையை ஓட்டிட்டு எங்க போனீங்க?"

"பால்கனிக்கு. மாத்தே சுத்து ஆரம்பிச்சிருந்தாங்க, ஒரே குவளைதான் ஆள் ஆளாச் சுத்தி வரும். நம்ம முறை வர்றப்ப நாம இல்லைன்னா மத்தவங்க எல்லாம் குவளையப் பாத்துக்கிட்டே உட்கார்ந்திருக்கணும், மரியாதை இல்ல. அப்படியே எழுந்து ஓடினேன். தோன் எவாரிஸ்தோதான் ஊத்திக் கொடுத்தாரு. வெந்நீர் தீரத் தீர அவரே எழுந்து போய் ரொப்பிக்கிட்டு வந்தாரு. மத்தவங்களும் வர்றதும் போறதுமா இருந்தாங்க. திரும்பி வந்து பாத்தா டிவி முன்னாடி ஒரே கூச்சல்."

"அப்ப யார் வேணாலும் மெஷின் ரூமுக்குள்ள நுழைஞ்சிருக்கலாம்," என்று வால்தேமார் ஜன்னலிடம் சொன்னான். "நான் போய்க் குற்றம் நடந்த இடத்தைப் பாக்கறேன். ஸுல்மா, நீங்க இவங்ககூடவே இருங்க. ஒரு நிமிஷம் கண்ணை எடுக்காதீங்க."

"சரி. நீங்க உள்ள போய் எதையும் ஒடச்சுடாதீங்க."

*

மெஷின் அறை ஒரு அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிது. வால்தேமார் கதவைச் சாத்திவிட்டு இலியானாவின் நாற்காலியில் உட்கார்ந்தான். குற்றவாளி மாதிரி யோசிக்க வேண்டும் என்று கண்ணை மூடினான். தூக்கம்தான் வந்தது.

திரை கறுத்திருந்தது. ஒரு விசையைத் தட்டியதும் பச்சை எழுத்துகள் வந்தன. பார்த்ததும் அவனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. இந்த மாதிரிப் புரோகிராம்களோடுதான் அவன் இளமை கழிந்தது. வரி வரியாகக் கட்டளையை அடிக்க வேண்டும். அடித்தது எல்லாம் பஃபர் என்கிற இடத்தில் சேர்ந்துகொண்டே வரும். கடைசியில் 'போ' என்று கொடுத்தால்தான் சேர்ந்தது சர்வருக்குப் போகும். சர்வர் விழித்திருக்கிறதா என்று பார்க்க, அந்தக் காலத்து ஆட்கள் எல்லாருமே செய்வதுபோல, வேறெதுவும் அடிக்காமல் ஒரு 'போ' மட்டும் கொடுத்தான்.

'முடிந்தது' என்று பதில் வந்தது. நல்லது, உயிர் இருக்கிறது.

பிறகு கீபோர்டைத் தலைகீழாகத் தட்டி, விழுந்த பிஸ்கட் துணுக்கை ஒரு உறையில் போட்டு 'சான்று எண் 1' என்று எழுதினான். இரண்டாவது சான்று எதுவும் கிடைக்காததால் எழுந்தான். அப்போதுதான் வராந்தாவில் கூரை பிய்த்துக்கொள்ளும்படி ஒரு கூச்சல் கேட்டது.

வெளியே ஓடினான். டிவியில் வரிசை மாறியிருந்தது. 'லா மோஸ்கா துவேர்தா' எட்டாவது இடத்திலிருந்து முதல் இடத்துக்குப் போயிருந்தது. மற்றவை எல்லாம் ஒரு படி இறங்கியிருந்தன.

"மறுபடியுமா!" என்று தலையில் கைவைத்தார் தோன் எவாரிஸ்தோ. ஒரு கையில் குவளை இருந்ததால் மறு கையை மட்டும்தான் வைக்க முடிந்தது. "எங்க அவ?"

"இங்கதான் இருக்கா," என்று ஸுல்மா சமையலறை வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். பக்கத்தில் இலியானா நின்றிருந்தாள். "அப்ப புடிச்சு என் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கா. கைய மடியில வெச்சுக்கிட்டு."

வால்தேமாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா? குற்றவாளி வேற ஆள்! இப்பவும் இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்கான்! யாரும் நகரக்..."

சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஆள் படிக்கட்டில் தடதடவென்று இறங்கி ஓடினான். வால்தேமார் பின்னால் பாய்ந்தான். ஓடியவன் தெருவைக் கடந்து காய்கறிச் சந்தைக்குள் நுழைந்தான். வால்தேமாரும் நுழைந்தான். தர்பூசணிக் குவியலைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தான், வயிறு சுற்ற மறுத்தது. ஒரு கூடையில் மாட்டிக் கால்சட்டை முழங்காலில் கிழிந்தது. கடைசியில் தோர்த்தா ஃப்ரீத்தா ரொட்டி பொரிக்கும் வண்டிக்காரி குறுக்கே வந்ததால் ஓடியவன் நிற்க வேண்டியதாயிற்று. வால்தேமார் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். வால்தேமாரின் ஓட்டத்தைவிட வண்டிக்காரியின் பங்குதான் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"பேரு?"

"தெல்மார்யா! இலியானா புருஷன்! விடுய்யா சட்டையை!"

"ஏன் ஓடினே?"

"ஓடாம? முதல் இடம்யா! நாலு மணி வெயில்ல பாடணும்! முகத்துல பூசற சாயம் பூரா வழிஞ்சுடும். எங்க பசங்களுக்கு இப்பவே சொன்னாத்தான் அன்னிக்கு வேலைக்கு லீவு போட முடியும்!" தெல்மார் மூச்சு வாங்கினான். "கடைசி எடம் வந்தா என் பொண்டாட்டி திருடின்னீங்க. இப்ப முதல் எடத்துக்குத் தள்ளியாச்சு. இதுக்கு என்ன பேரு வெப்பீங்க?"

வால்தேமார் அவன் சட்டையை விட்டான். வண்டிக்காரி பரிதாபப்பட்டுக் கொடுத்த தோர்த்தா ஃப்ரீத்தாவை வாங்கிக்கொண்டு திரும்பினான்.

*

ஸுல்மா படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்தாள். அவன் முழங்காலைப் பார்த்தாள், பக்கத்துப் படியைக் காட்டினாள். அவள் திட்டாவிட்டால் நிலைமை மோசம் என்று அவனுக்குத் தெரியும்.

"ஒரு கேள்வி முதலாளி. வரிசை மாறினப்ப மெஷின் ரூம்ல யார் இருந்தாங்க?"

"யாரும் இல்ல. பூட்டியிருந்தது. சாவி என்கிட்டதான் இருந்துச்சு."

"அப்ப உள்ள யார் இருந்தாங்க?"

"நான் மட்டும்தான்."

"என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"ஒண்ணும் பண்ணல. பிஸ்கட் துணுக்கை எடுத்தேன். அதுக்கு முன்னாடி சர்வருக்கு உயிர் இருக்கான்னு சும்மா ஒரு தட்டு..."

வாக்கியம் பாதியிலேயே செத்தது. வாயிலிருந்த தோர்த்தா ஃப்ரீத்தாவை விழுங்க மறந்தான்.

"அந்த நிதானமான ஆள்," என்றாள் ஸுல்மா. "கம்ப்யூட்டரைக் கரைச்சுக் குடிச்சவன். எந்தக் கையால தட்டினீங்க?"

"வலது," என்றான் வால்தேமார் பலவீனமாக. "காலியா 'போ' கொடுத்தா 'அனுப்ப ஒன்றுமில்லை'ன்னுதான் பதில் வரணும். எனக்கு 'முடிந்தது'ன்னு வந்துச்சு. என்ன முடிஞ்சதுன்னு நான் கேக்கவே இல்ல ஸுல்மா."

சமையலறைக்கு ஓடினார்கள். இலியானாவிடம் அந்தப் புரோகிராமின் மூல நிரல் இருந்தது. சமீபத்தில் யாராவது அதைத் தொட்டார்களா என்று வால்தேமார் கேட்டதும், "திங்கட்கிழமை தோன் எவாரிஸ்தோவோட அக்கா பையன் வந்து ஏதோ சரி பண்ணிட்டுப் போனான். லீவுக்குக் கடற்கரைக்குப் போற அவசரத்துல இருந்தான். என்ன மாத்தினான்னு யார்கிட்டயும் சொல்லல," என்றாள்.

வால்தேமார் படித்தான். துப்பறிவதில் எப்படியோ, சி மொழியைப் படிப்பதில் அவன் கெட்டிக்காரன்தான். இடம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. புதிதாகச் சேர்த்த மூன்றே வரி. அடித்த கட்டளை சேரும் பஃபர் காலியாக இருக்கிறதா என்று பார். காலியென்றால், இதற்கு முன்பு அனுப்பிய கட்டளை இருக்கும் பழைய பஃபரிலிருந்து எல்லாவற்றையும் இதில் நகலெடு. பிறகு அனுப்பு. அதற்கு மேலே பையன் ஒரு குறிப்பும் எழுதியிருந்தான்: 'மாமாவின் வசதிக்காக.'

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றாள் ஸுல்மா.

"ஒரு ஹோட்டல். காலித் தட்டை நீட்டினா முன்னெல்லாம் 'என்ன வேணும்'னு கேப்பாங்க. இப்ப கேக்கறதே இல்ல. கடைசியா யார் என்ன தின்னாங்களோ அதையே மறுபடி கொட்டிடறாங்க. ரெட்டை இடைவெளியோட, ஒரு எழுத்து மாறாம."

"அதான் ஒரே தும்மல்."

"செவ்வாய்க்கிழமை நான் எழுந்து போனதும் யாரோ வந்து சும்மா தட்டியிருக்காங்க," என்றாள் இலியானா மெதுவாக. "நாங்க எல்லாருமே தட்டுவோம் சார். அந்தப் பக்கம் போனா கை தானாப் போகும்."

மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. வால்தேமார் நாற்காலியில் சரிந்தான். குற்றவாளியைப் பிடித்துக் காட்டுவதாகச் சொல்லி வந்தவன், குற்றத்தைத் தானே இன்னொரு முறை செய்துவிட்டு, ஒரு அப்பாவியைச் சந்தையெல்லாம் துரத்திவிட்டு வந்திருக்கிறான். இது வெளியே தெரிந்தால் அவனிடம் கிளி தொலைத்தவன்கூட வரமாட்டான்.

"பேசாம ஒண்ணு பண்ணலாம்," என்றாள் ஸுல்மா, அவன் முகத்தைக் கவனித்தபடி. "புரோகிராம்ல கோளாறுன்னு மட்டும் சொல்லுங்க. காலையில தட்டினது யாருன்னு சொல்ல வேணாம்."

"சொல்லலைன்னா தோன் எவாரிஸ்தோ நம்ப மாட்டாரு. 'செவ்வாய்க்கிழமை அவளேதான் தட்டிவிட்டா'ம்பாரு. ஒரு நிபுணன், பூட்டின ரூம்ல, ஒண்ணும் தெரியாம இதைப் பண்ணான்னு சொன்னாத்தான் இவங்களும் பண்ணலைங்கறது நிக்கும்." அவன் வெட்கத்தில் காது வரை சிவந்திருந்தான். "நிபுணன்கிற வார்த்தைய மட்டும் விட்டுடலாமான்னு யோசிக்கறேன்."

ஸுல்மா அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

*

கமிட்டி என்பது தோன் எவாரிஸ்தோவும் எட்டுத் தலைவர்களும்தான். சந்தையிலிருந்து திரும்பிய தெல்மாரும் முறைத்துக்கொண்டு நின்றான். மெஷின் அறை வாசலில், டிவி தெரியும்படி எல்லாரும் கூடியிருந்தார்கள். வால்தேமார் கிழிந்த கால்சட்டையோடு நடுவில் நின்று, தான் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். பிஸ்கட் துணுக்கைச் சான்றாக எடுத்து வைத்ததையும் சொன்னான். சிரிப்பு அலை அலையாக வந்தது. தர்பூசணியை அவன் சொல்லவில்லை, தெல்மார் சேர்த்துக்கொண்டான்.

தோன் எவாரிஸ்தோ மட்டும் சிரிக்கவில்லை.

"நல்ல கதை. இலியானா காசு கொடுத்து உங்களைக் கூட்டிட்டு வந்தா, நீங்க அவளுக்காகப் பழியை ஏத்துக்கறீங்க. இருபது வருஷமா நான் இந்த மெஷினோட குடித்தனம் பண்றேன். ஒண்ணும் அடிக்காம வெறுமனே 'போ' கொடுக்கறதா? எந்த மடையன்யா அப்படிப் பண்ணுவான்?"

"நான்," என்றான் வால்தேமார்.

"உங்களைச் சொல்லல. விவரம் தெரிஞ்சவன் எவனும் பண்ணமாட்டான்கறேன்."

ஸுல்மா மெஷின் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "ஐயையோ. தோன் எவாரிஸ்தோ, இங்க பாருங்களேன். திரையெல்லாம் கறுத்துக் கெடக்கு. இவரு நோண்டின நோண்டுல மெஷின் போயிடுச்சு போலிருக்கே!"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகியிருக்காது. சும்மா தூங்கும்." தோன் எவாரிஸ்தோ சலிப்போடு உள்ளே போனார். பிளாஸ்க் அக்குளில் இருந்தபடியே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார், ஒரு விசையைத் தட்டினார், திரை பச்சையானது. குவளை இல்லாத கையால், திரும்பிப் பேசிக்கொண்டே, பழக்கத்தில் ஒரு 'போ'வையும் தட்டினார். "பாருங்க, உயிரோடதான் இருக்கு."

வெளியே கூச்சல் எழுந்தது. டிவியில் வரிசை மறுபடி ஒரு படி நகர்ந்தது. 'லா மோஸ்கா துவேர்தா' இரண்டாவது இடத்துக்கு வந்து நின்றது.

அப்புறம் கூச்சலும் நின்றது. ஒவ்வொருவராக டிவியை விட்டுத் திரும்பி தோன் எவாரிஸ்தோவைப் பார்த்தார்கள். அவர் தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை வெந்நீர் ரொப்பப் போன வழியில் இதே அறை இருந்தது அவர் முகத்தில் மெல்ல மெல்ல வந்து உட்கார்ந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இலியானா உள்ளே வந்தாள்.

"எந்திரிங்க தோன் எவாரிஸ்தோ. அது என் நாற்காலி."

அவர் எழுந்துகொண்டார். அவள் உட்கார்ந்ததும் முதலில் அந்த மூன்று வரிகளை வெட்டினாள். புரோகிராமை மறுபடி கம்பைல் செய்தாள். அப்புறம் வரிசையை ஒரு படி மேலே ஏற்றினாள். "இது இப்பத்தைக்கு." இன்னொரு படி. "இது துப்பறியும் சாருக்கு." மூன்றாவது படி. "இது செவ்வாய்க்கிழமைக்கு." கணவனின் கோஷ்டி ஏழாவது இடத்தில் வந்து அமர்ந்தது. தெல்மார் ஒரு பெருமூச்சு விட்டான். கடைசி இடம் போனதற்காக அல்ல என்று எல்லாருக்கும் தெரிந்தது.

தோன் எவாரிஸ்தோ குனிந்து, தாழ்ந்த குரலில், "இலியானா, நான் தப்பா நெனச்சுட்டேன்மா," என்றார்.

"திருடின்னு சொன்னப்ப சத்தமாத்தானே சொன்னீங்க. அந்த வராந்தாவுல, இவங்க எல்லாரையும் வெச்சு. அங்கேயே போய்ச் சொல்லுங்க."

அவர் பிளாஸ்க்கை முதல்முறையாகக் கீழே வைத்தார். வராந்தாவுக்குப் போய் டிவிக்குக் கீழே நின்று, தட்டியது தான்தான் என்றும், இலியானா பெர்தோமோ ஒரு தவறும் செய்யவில்லை என்றும் உரக்கச் சொன்னார். எட்டுப் பேரில் ஒருவன் "அக்கா, மன்னிச்சுக்கோ," என்றான். மற்ற ஏழு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு அதையே முணுமுணுத்தார்கள். இலியானா அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், கோபமும் கலந்து, புறங்கையால் துடைத்துக்கொண்டே அழுதாள்.

வால்தேமார் இதுதான் சமயமென்று படிக்கட்டுப் பக்கம் நழுவினான்.

"சார், நீங்களும்தான்," என்றாள் இலியானா கண்ணைத் துடைத்தபடி. "நீங்களும் தட்டினீங்க இல்ல? அவர் பக்கத்துல போய் நில்லுங்க."

போய் நின்றான். முர்காக்காரர்களுக்குக் கார்னிவலில் தேவைப்படுவது எல்லாம் ஊரில் அசடு வழிந்த ஒரு ஆள். இரண்டு பேர் ஒரே வராந்தாவில் ஜோடியாகக் கிடைப்பது அபூர்வம். ஒருவன் அதற்குள் சுவரில் தாளம் போட ஆரம்பித்தான். இன்னொருவன் மெட்டை முனகினான். பின்வரிசையிலிருந்து காலித் தட்டு, தர்பூசணி என்றெல்லாம் வார்த்தைகள் வந்து விழுந்தன. ஸுல்மா விவரங்களைத் திருத்திக் கொடுத்தாள்.

"பேரு சரியாச் சொல்லுங்க சார்," என்றான் தாளம் போட்டவன். "ஒவ்வொரு மேடையிலயும் பாடப் போறோம், தப்பாயிடக் கூடாது. ஆனா பேரு வேணாம்னா சொல்லிடுங்க. 'ஒரு துப்பறியும் ஆள்'னு மட்டும் போட்டுக்கறோம்."

வால்தேமாருக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வாயைத் திறந்தான். எதிரே இலியானா நின்றிருந்தாள். இந்த இரண்டு நாளாக அவள் பெயரை யாரும் மறைத்துச் சொல்லவில்லை.

"வால்தேமார் எச்செனிகே," என்றான்.

"கேக்கல."

இன்னும் சத்தமாகச் சொன்னான்.